பிரெஞ்சு ஆறும் வள்ளச் சுமையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய நான்கு மணி நேரம் மோட்டார் வண்டியிற் சென்றால், பெருஞ்சாலை ஓர் ஆழ்ந்த பாறைப் பிளவைப் பாலத்தாற் கடக்கின்றது. கீழே கருநீலமாய் ஓடுவது பிரெஞ்சு ஆறு. நிப்பிசிங் ஏரியிற் பிறந்து, பாறை நிலத்தை ஊடறுத்து, ஏறத்தாழ 110 கிலோமீற்றர் ஓடி, ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவிற் கலக்கின்றது. ரொறன்ரோவில் வாழும் தமையனார் குடும்பத்துடன் அங்கு சென்றபோது, காட்டுவழியே நடந்து றெக்கொலே அருவியைக் கண்டேன்.

அருவி என்றதும் நமது துன்கிந்தையை எண்ணிவிடுதல் கூடாது. உயரம் சொற்பமே, ஆயினும் அகன்ற ஆறு முழுவதும் ஒருங்கே சரிந்து வெண்ணுரையாய்க் கொந்தளிக்கும் காட்சி நெஞ்சை நடுக்குவது. வள்ளத்தில் வருவோர் இங்கே கரையேறி, மூட்டைகளையும் வள்ளத்தையும் தோளிற் சுமந்து சென்று, அருவிக்குக் கீழே மறுபடி நீரில் இறக்குவர். இந்த வழக்கம் மிகப் பழையது. இந்நாட்டுப் பழங்குடி மக்கள் பேர்ச் மரப்பட்டையால் வள்ளங்கட்டி இவ்வழியே சென்றனர். 1615 ஆம் ஆண்டில் சம்ப்ளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவர்களுடைய வழிகாட்டலிலே இவ்வாற்றிற் பயணஞ் செய்தார். பின்னர் மென்மயிர்த் தோல் வணிகம் ஓங்கிய காலத்தில், மொன்றியலிலிருந்து 36 அடி நீளமான பட்டை வள்ளங்கள் சரக்கேற்றி வந்தன. ஒவ்வொரு பொதியும் 90 இறாத்தல். கூலியாட்கள் தோற்பட்டியொன்றை நெற்றியில் மாட்டி, முதுகில் இரண்டு பொதிகளை ஒருங்கே சுமந்து நடந்தனராம். நமது துறைமுகத் தொழிலாளரும் வியக்கத்தக்க சுமையன்றோ!

இத்தகைய ஆற்றிலே செல்வோரின் சுமைக்கு இரண்டு இலக்கணங்கள் வேண்டும். நுரைப் பாய்ச்சலில் வள்ளம் கவிழ்ந்தாலும் அஃது அசையலாகாது. சுமந்து செல்லுமிடம் வந்தால் ஒரு நொடியிற் கழன்று கைக்கு வரவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரண்டையும் எவ்வாறு இசைவிக்கின்றனர் என்பதை, அருவிக்குக் கீழே இரண்டு வாலிபர்கள் தங்கள் வள்ளத்துக்குச் சுமையேற்றுகையிற் கண்டேன்.

உடுப்பும் போர்வையும் நீர்புகாப் பையினுள்ளே. பையின் வாயை மும்முறை சுருட்டிக் கொளுவியிருந்தனர். உணவு 60 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பீப்பாவில். வள்ளத்தின் அடித்தளத்திலே வளையங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றினூடாகப் பட்டிகளைக் கோத்து, பீப்பாவின் மேலாகக் குறுக்கே இழுத்துக் கொளுக்கியால் இறுக்கினர். முன்னும் பின்னும் எஞ்சிய இடத்தைக் காற்றுப் பைகள் நிரப்பின. அவை மேலெழாதபடி கட்டிற்குக் கயிறு பின்னுவதுபோல் மேலே பின்னியிருந்தனர்.

பீப்பாதான் தானே மிதக்குமே, அடித்தளத்தோடு பிணைப்பானேன் என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பீப்பா தான் மட்டும் மிதந்தாற் போதாது. வள்ளத்தையும் தூக்க வேண்டும். தளர்ந்த கயிற்றில் அது மேலே எழும்பிவிட்டால், அது விட்ட இடத்திலே நீர் புகும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறையுடையது. இறுகக் கட்டிய பீப்பாவோ தன்னிடத்தில் 60 கிலோ நீரைப் புகவிடாது தடுக்கின்றது. 16 அடி வள்ளத்தில் சில நூறு லீற்றர் நீர் நிறைந்தபின், அது பாறையில் மோதி வளைந்தால் இருவர் கையால் அசைக்க முடியாது.

மூட்டையை நீண்ட கயிறொன்றில் மட்டும் கட்டிவிட்டால், கவிழ்ந்த வள்ளத்தை வெறுமையாக்கி நிமிர்த்தல் எளிதென்று வாதிடுவோரும் உளர். அமைதியான ஏரியில் அது பொருந்தும். பாறை நிறைந்த ஆற்றிலோ அந்தக் கயிறே எமனாகும்: மூட்டை எங்கேனும் சிக்கும், கயிறு நீந்துவோனின் காலைச் சுற்றும். ஆதலாலேயே அவ்வாலிபர்கள் பட்டிகளின் எஞ்சிய நுனிகளையெல்லாம் மடித்துச் செருகினர். மார்பிலே கத்தியொன்றையும் அணிந்திருந்தனர். மேலதிகத் துடுப்பை மட்டும், ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சால் கைக்கெட்டும் இடத்திற் கட்டினர். எல்லாம் முடிந்தபின் ஒருவர் வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக் குலுக்கினார். ஏதோ சலசலத்தது. அடியிற் கிடந்த ஒரு சிறு சமையற் பாத்திரம்! அதையும் பையிலிட்ட பின்னரே புறப்பட்டனர்.

பழைய வணிகர்களின் சரக்கெல்லாம் கரை சேர்ந்துவிடவில்லை. 1960களில் இவ்வாற்றின் நுரைப் பாய்ச்சல்களுக்குக் கீழே ஆய்வாளர்கள் மூழ்கித் தேடியபோது, இரும்புக் கோடரிகளும், துப்பாக்கிக்குரிய ஈயக் குண்டுகளும், கண்ணாடி மணிகளும் கிடைத்தன. விற்பதற்கென மொன்றியலில் ஏற்றிய பொருள்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆற்றின் அடியிலே கிடந்திருக்கின்றன.