பச்சையே விறகாகும் நிலம்

விபூதிப் புதன் என்றவுடன் நம் நெற்றியில் இடப்படும் சாம்பற்குறியே நமக்கு நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வாழ்வோருக்கோ அப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 1983ஆம் ஆண்டின் விபூதிப் புதன் பிப்ரவரி 16ஆம் நாள் வந்தது. அன்று விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய இரு மாநிலங்களிலும் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மாண்டவருள் 17 பேர் தீயை அணைக்கச் சென்றவர்கள். அத்தீயை அந்நாட்டார் இன்றும் அப்புனித நாளின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

நம் மகள் மணமாகி மெல்போர்ன் நகரின் தென்கிழக்கு எல்லையில், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் குடியிருக்கிறாள். அங்கே ஒரு கோடை முழுவதும் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அவ்வீட்டிலிருந்து சிறிது தொலைவில் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டு என்னும் ஊர் உள்ளது. 1983இல் தீயணைப்புத் தொண்டர்கள் 12 பேர் தீயால் சூழப்பட்டு உயிர்நீத்தது அவ்வூரில்தான். ஆதலின் காட்டுத்தீ எங்கே, ஏன் மூள்கிறது என்னும் பூகோளப் பாடம், நமக்குப் பேரப்பிள்ளைகள் உறங்கும் கூரையைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

மிகவும் வறண்ட இடமே மிகுதியாக எரியும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. தீக்கு வெப்பமும் காற்றும் இருந்தால் மட்டும் போதாது. தின்பதற்கு இரையும் வேண்டும். முழுப் பாலைவனத்தில் எரிய ஒன்றுமில்லை. என்றும் மழை பொழியும் காட்டிலோ இரை உண்டு. ஆனால் அது ஈரமாயிருக்கிறது. ஒரு பருவத்தில் நன்றாக மழை பெய்து புல்லும் புதரும் தழைத்து, மறு பருவத்தில் அவை காய்ந்து சருகாகும் நிலங்களே தீக்கு ஏற்ற நிலங்கள். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் குளிர்காலமும் இளவேனிலும் மழை தருகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடை அனைத்தையும் உலர்த்துகிறது. கலிபோர்னியா, சிலி நாட்டின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் தென்முனை, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் ஆகியவையும் இத்தகைய கோடை வறட்சியை உடையவை. ஆதலின் அங்கும் தீ அடிக்கடி மூள்கிறது.

மழையே தீக்கு விதையாகும் என்பதற்கு 1974–75ஆம் ஆண்டு சான்று. அதற்கு முன் பெய்த பெருமழையால் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்கள் புல்வெளிகளாயின. அப்புல் காய்ந்ததும் தீப்பற்றியது. எரிந்த பரப்பு ஏறத்தாழ 11 கோடியே 70 இலட்சம் ஹெக்டேர். அக்கண்டத்தில் நூற்றுக்கு 15 பங்கு. ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியாதலால் உயிர்ச்சேதம் மட்டும் மிகுதியாக நேரவில்லை.

இனி, அந்நாட்டு மரத்தைப் பாருங்கள். சளி பிடித்த குழந்தையின் மார்பில் நாம் தடவும் நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கப்படுவது. நீலகிரிக்கு அம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. தாயகத்தில் அது காடு காடாக நிற்கிறது. இலையில் எண்ணெய் இருப்பதால் பச்சையாக இருக்கும்போதே தீவிரமாக எரிகிறது. சில வகைகளின் பட்டை நாடா நாடாக உரிந்து தொங்கும். அதில் பற்றும் தீயைக் காற்று பிய்த்தெடுத்து நெடுந்தொலைவு கொண்டு செல்கிறது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் எரிந்த தீயில் அத்தகைய கங்குகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் விழுந்து புதுத்தீ மூட்டின. கருஞ்சனி என்று அந்நாட்டார் அழைக்கும் அந்த ஒரே நாளின் தீ 173 பேரைக் கொண்டு சென்றது. அன்று மெல்போர்ன் நகரின் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸ்.

நிலத்தின் சாய்வும் தீக்குத் துணை. மேட்டை நோக்கி ஏறும் தீ, தனக்கு மேலுள்ள செடிகொடிகளை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சாய்வு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். அழகிய காட்சிக்காக மலைமுகட்டில் வீடு கட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது காற்றின் திருப்பம். அந்நாட்டின் நடுப் பாலைநிலத்திலிருந்து வரும் வடகாற்று தீயை நீண்டு ஒடுங்கிய நாக்குப்போல் தெற்கு நோக்கித் துரத்துகிறது. மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வருகிறது. வெப்பம் தணிந்தது என்று மக்கள் மகிழும் அந்நேரத்தில், தீயின் நீண்ட பக்கம் முழுவதும் ஒரே கணத்தில் அதன் முகமாக மாறுகிறது. 1983இலும் 2009இலும் உயிர்ச்சேதம் பெரும்பாலும் இத்திருப்பத்திற்குப் பின்னரே நேர்ந்தது.

முதற்பொறியை இடுவது யார்? இடியும் மின்னலும் ஓரளவுக்குக் காரணம். எனினும் 1939ஆம் ஆண்டு விக்டோரியாவில் 71 பேரைப் பலிகொண்ட தீயை விசாரித்த நீதிபதி லெனார்டு ஸ்டிரெட்டன், மனிதர் கையே அத்தீக்களை மூட்டியது என்று முடிவு கூறினார். 2009இல் 119 பேரைக் கொன்ற கில்மோர் ஈஸ்ட் தீ, அறுந்த மின்கம்பியிலிருந்து எழுந்தது. பொறி சிறிது, அதை ஏற்கக் காத்திருக்கும் நிலமே பெரிது. பூமி வெப்பமடைந்துவரும் இந்நாளில் அந்நிலம் மேலும் விரைவாகக் காய்கிறது. ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானதும் மிக வறண்டதும் 2019. அவ்வாண்டில் தொடங்கிய தீ அடுத்த ஆண்டிலும் நீடித்தது.

நாம் அங்கிருந்தபோது ஒரு மாலை, மறுநாள் முழு நெருப்புத் தடை நாள் என்று வானொலி அறிவித்தது. வெட்டவெளியில் அடுப்பு மூட்டுதலும் அன்று குற்றம். அன்றிரவே நகரின் நடுவிலுள்ள நண்பர் வீட்டிற்குச் சென்றுவிட வேண்டும் என்றாள் மகள். மருமகனுக்கு அதில் விருப்பமில்லை.

“மாமா, நீங்களே பாருங்கள். வானம் தெளிவாக இருக்கிறது. நாளை எனக்கு முக்கியமான வேலை. புகை தெரிந்தால் அப்போது புறப்படலாமே” என்றார்.

“புகை தெரியும்போது சாலையில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இப்போதே போகச் சொல்கிறேன்” என்றாள் அவள். “இரண்டு குழந்தைகளையும், வேகமாக நடக்க முடியாத அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் அந்தப் பரீட்சைக்குத் தயாராக இல்லை.”

வீட்டில் சிறிது நேரம் அமைதி நிலவியது. மகள் சொன்னதில் நியாயமிருந்தது. 2009 வரை அங்கு வழங்கிய அறிவுரை, ஆயத்தத்தோடு தங்கி வீட்டைக் காத்தல் அல்லது முன்னதாகவே வெளியேறுதல் என்பதாக இருந்தது. அவ்வாண்டின் இழப்புக்குப் பின், மிகக் கடுமையான நாட்களில் முன்னதாக வெளியேறுதலே பாதுகாப்பு என்று அது மாற்றப்பட்டது. புகை சூழ்ந்த பின் வழி தெரியாது. விழுந்த மரம் சாலையை மறிக்கும். நம் கருத்தை மருமகனிடம் அமைதியாக எடுத்துரைத்தோம். அவர் மறுமொழி கூறாமல் வண்டியின் சாவியை எடுத்தார்.

மறுநாள் அப்பக்கம் ஒன்றும் எரியவில்லை. ஒரு நாள் வேலை போயிற்று என்று மருமகன் முணுமுணுத்தார். ஆயினும் வீடு திரும்பிய மாலையே ஏணியைச் சார்த்தி, கூரையோரத் தண்ணீர்க் குழாய்களில் அடைந்திருந்த சருகை இரண்டு சாக்கு நிறைய அள்ளி இறக்கினார். அடுத்த முறை அவரே முதலில் புறப்படச் சொல்வார் என்னும் நம்பிக்கை நமக்கு அப்போது பிறந்தது.

அன்பு வாசகர்களே, இன்று நம் பிள்ளைகள் பலர் இத்தகைய நாடுகளில் வீடு வாங்கி வாழ்கின்றனர். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று நாம் தொலைபேசியில் கேட்கிறோம். அவர்களுடைய கோடைக்காலத்தில் இன்னொன்றையும் கேட்போம்: தீ அபாயம் மிகுந்த நாளில் எப்போது புறப்படுவீர்கள், எந்த வழியாக, யார் வீட்டுக்கு? இக்கேள்விக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விடை கூறுகிறார்களா என்று கேட்டறிவது பெற்றோராகிய நம் கடமை.