தெரியாது என்று சொன்னேன்

2021-ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். எடை குறைந்து பிறக்கும் குழந்தையை, உடம்பு தேறட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைத்தால் இறப்பு குறைகிறது என்ற ஆய்வைப் பற்றிய செய்தியை அவள் படித்திருந்தாள். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளிலுமாக 3,211 குழந்தைகள். 28 நாட்களுக்குள் இறந்தவை, உடனே சேர்த்து வைக்கப்பட்ட குழந்தைகளில் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம்.

"நம்ம பாப்பாவுக்கு ஏங்க இதைச் செய்யலை?" என்றாள்.

"அப்போ இதெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

அது பொய். எங்கள் மகள் பிறந்தது 2006-இல். தாயின் தொடுதல் நின்றால் பிஞ்சு மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. நான் அதை வரி வரியாகப் படித்தவன். அதே சோதனையை மூன்று ஆண்டுகள் என் கையால் செய்து, அதற்காகவே முனைவர் பட்டம் வாங்கியவன்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் என் தவறைச் சொல்ல முடியாது.

உயிருள்ள செல்களில் பாலிஅமைன்கள் என்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மைன் ஆகிய மூன்றும் முக்கியமானவை. பியூட்ரெசினை 1885-இல் விவரித்தவர் பெர்லினில் இருந்த லுட்விக் பிரீகர். அழுகிய பொருளில் கிடைத்ததால் அழுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பெயர்தான் அப்படி, செல் வளரவும் பிரியவும் அது இல்லாமல் ஆகாது. அதை ஆர்னிதினிலிருந்து ஆக்கித் தரும் நொதி ஆர்னிதின் டீகார்பாக்சிலேஸ். நாங்கள் ஓடிசி என்போம். பத்து இருபது நிமிடத்தில் பாதி அழிந்துபோகும் நொதி அது. அதனால் அதை அளந்தால், அந்த வேளையில் செல் எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வளர்ந்த எலியை அசையவிடாமல் அடைத்து வைத்தால் அதன் மூளையில் ஓடிசி ஏறும். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டாலும் ஏறும், பியூட்ரெசின் குவியும். இஸ்ரேலைச் சேர்ந்த காட் கிலாட், வர்தா கிலாட் இருவரும் இதைப் பாலிஅமைன் அழுத்த எதிர்வினை என்று அழைத்தார்கள். காயத்தை ஆற்றும் முயற்சியும் இதில் உண்டு, கேடும் உண்டு. ஸ்பெர்மைன் சிதையும்போது அக்ரோலின் என்ற நச்சு பிறக்கிறது. பக்கவாதத்தில் அதன் பங்கை ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் கசுயெய் இகராஷி பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

பிறந்து சில நாளே ஆன குட்டியிடம் கதை நேர்மாறு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழுவினர் தாயிடமிருந்து குட்டிகளைப் பிரித்தார்கள். மூளையிலும் இதயத்திலும் ஓடிசி இறங்கியது. குளிரா? சூடாக வைத்தாலும் இறங்கியது. பாலில்லாததாலா? காம்புகள் கட்டப்பட்ட தாயோடு விட்டபோது, பாலே கிடைக்காவிட்டாலும் இறங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்த தாயின் பக்கத்தில் போட்டால் இறங்கியது. அவள் அருகில் கிடந்தால் போதாது, நக்க வேண்டும். பிறகு, ஈரத் தூரிகையால் குட்டியின் முதுகை அழுத்தி வருடிப் பார்த்தார்கள். ஓடிசி மீண்டது. மெதுவாக வருடினால் பலனில்லை, ஆட்டினாலும் சுழற்றினாலும் பலனில்லை. 1978-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் தொடங்கிய கண்டுபிடிப்புகள் இவை.

நான் செய்ததும் இதுதான், சில மாற்றங்களோடு. இரண்டு மணி நேரம் பிரித்து வைப்பேன். பாதிக் குட்டிகளுக்குத் தூரிகை, மீதிக்கு இல்லை. நேரம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடைபோடுவேன். உள்ளங்கைக்குள் அடங்கும், சிவப்பாக, மயிரில்லாமல், கண் திறக்காமல் இருக்கும். எடை எழுதியதும் கத்தரியால் தலையைத் துண்டிப்பேன். நொதி அழியுமுன் மூளை பனிக்கட்டிமேல் இருக்க வேண்டும். அரைத்து, கதிரியக்க கார்பன் ஏற்றிய ஆர்னிதினைச் சேர்த்தால், நொதியின் வேலை கரியமில வாயுவாக வெளிவரும். அதைக் காரத்தில் நனைத்த வடிதாளில் பிடித்து எண்ணுவோம். என் வரைபடங்கள் அழகாக வந்தன. பாராட்டினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து என் மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்தாள். 1,180 கிராம். மூன்றாம் நாள் பணியிலிருந்த சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "சார், முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. பாப்பா தலைமேல ஒரு கை, கால்மேல ஒரு கை, அசையாம வெச்சுக்கங்க. அவ்வளவு போதும்." அம்மாவுக்கு எழுந்து நடக்க முடிந்ததும் மடியில் வைக்கலாம் என்றார்.

இன்குபேட்டரின் வட்டக் கதவுவரை போனேன். உள்ளே சிவப்பாக, கண் மூடி, தோல் வழியாக நரம்பு தெரியக் கிடந்தாள். என் வலது கை தானாக எடைபார்க்கும் நிலைக்குப் போயிற்று. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடரியைப் பிடிக்கிற நிலை. எடை எழுதிய பிறகு அந்தக் கை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

அங்கேயே சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் போதும். அவர் எத்தனையோ தகப்பன்களைப் பார்த்திருப்பார். நான் சொன்னது: "இன்ஃபெக்‌ஷன் ஆயிடும் சிஸ்டர், வேண்டாம்." முனைவர் என்று அவருக்குத் தெரியும். மறுத்துப் பேசவில்லை.

என் பயத்தை என்னோடு வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு தகப்பனின் கோழைத்தனம் என்ற அளவில் நின்றிருக்கும். மனைவியிடமும் அதையே சொன்னேன். அறுவைசிகிச்சைத் தையலோடு அவள் சக்கர நாற்காலியில் வந்து, "ஒரே ஒரு தரம் தொட்டுக்கறேங்க" என்றாள். "மெஷின் அதோட வேலையைச் செய்யட்டும். நாம குறுக்கே போகக் கூடாது" என்றேன். மாமியார் ஏதோ சொல்ல வந்து, "மாப்பிள்ளை படிச்சவரு" என்று நிறுத்திக்கொண்டார். அவள் தொடுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும், பிறகு என்னையும் தொடச் சொல்வாள் என்பதற்காகத்தான் தடுத்தேன். இதை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்திருந்தது எலிக்குட்டிகள் மட்டுமல்ல. ஷான்பெர்க்கோடு சேர்ந்து மயாமியில் டிஃபனி ஃபீல்ட் செய்த ஆய்வு 1986-லேயே வந்திருந்தது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம், பத்து நாள் உடலை வருடிக் கை கால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். அதே அளவு பால். மற்றக் குழந்தைகளைவிட எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. என் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே இந்த எண்ணை எழுதியிருந்தேன். இரவில் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். மறுநாளும் யாரிடமும் பேசவில்லை.

24-ஆம் நாள் வேறொரு சிஸ்டர் என்னைக் கேட்காமலே குழந்தையை எடுத்து என் மனைவியின் மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிட்டார். நான் போனபோது இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 34-ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவாள். சிறுவயதில் தூக்கம் சரியாக வராது. அந்த 23 நாட்களோடு இதை முடிச்சுப்போட என்னால் முடியாது. ஒரே குழந்தை, ஒப்பிட இன்னொன்று இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

என் மனைவி அந்த நாட்களில் ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வந்தாள். தேதி, எடை, எத்தனை மில்லி பால். அவளிடம் பொய் சொன்ன அன்று இரவு அதைத் தேடி எடுத்துப் படித்தேன். நான்காம் நாளுக்கு நேரே 1,140 என்று எழுதி, கீழே பென்சிலால் ஒரு வரி: "தொடக் கூடாதுன்னு சொல்லிட்டார். அவருக்குத் தெரியும்."