வெளுத்ததெல்லாம் பாலல்ல

மனிதரின் புறத்தோற்றத்தைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கே “வெளுத்ததெல்லாம் பாலல்ல” என்ற பழமொழியை நாம் எடுத்தாள்வது வழக்கம். இரசாயனம் கற்பிக்கும் எம்போன்றோர்க்கோ அது சொல்லுக்குச் சொல் உண்மை. மாவைப் போலவும் சீனியைப் போலவும் வெளுத்த பொருளொன்று உண்டு. நம்மவர் அதனை வெள்ளைப் பாஷாணம் என்பர். பாடநூல்கள் ஆசனிக்கு மூவொட்சைட்டு என்னும். அதற்கு மணமில்லை, எச்சரிக்கை தரத்தக்க சுவையுமில்லை. கண்ணும் மூக்கும் நாக்கும் கைவிடும் இடத்தில் மனிதனுக்கு எஞ்சிய காவல் ஒன்றே. அது போத்தலின் மேல் எழுதிய பெயர்.

அப்பெயர் இல்லாதபோது நேர்வது யாது? 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரிலே இனிப்புச் செய்வோன் ஒருவனுக்காகச் சீனியில் கலக்கும் மலிவான வெண்பொடி வாங்கச் சென்றனர். கடையில் அப்பொடியும் பாஷாணமும் அருகருகே இருந்தன. பாஷாணத்தின் பெயர் ஒழுங்காக எழுதப்படவில்லை. பொடிக்குப் பதிலாக 12 இறாத்தல் பாஷாணம் நிறுத்துக் கொடுக்கப்பட்டது. இனிப்பை உண்டோரில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர்; 200 பேருக்கு மேல் நோயுற்றனர். எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பதே இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் தீவகத்துப் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். உப்புக் காற்றும் கறையானும் பல போத்தல்களின் பெயர்த்தாள்களைத் தின்றிருந்தன. அவற்றுள் ஒன்றில் வெண்பொடி. உடனிருந்த மாணவன், “சேர், நாக்கிலை வைச்சுப் பார்த்தால் உப்போ இல்லையோ எண்டு தெரியும்தானே?” என்றான். எமக்கு மெய் சிலிர்த்தது. அயடீன் நியமிப்புக்கென ஆசனிக்குச் சேர்வைகளை ஆய்வுகூடங்களில் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. மூடியைத் திறவாமலே “பெயர் அறியாப் பொருள், நஞ்சாகலாம்” என்று எழுதி ஒட்டி, பூட்டுள்ள அலுமாரியில் வைத்து, மேலிடத்துக்கு அறிவிக்கச் சொன்னோம்.

அம்மாணவனைக் குறைகூறல் தகாது. தீவிலே பிறந்தோர்க்கு நாக்கே நீதிபதி. எந்தக் கிணறு நன்னீர், எந்தக் கிணறு உவர் என்பதை ஒரு மிடற்றில் சொல்லிவிடுவோம். ஆனால் உவரைக் காட்டிக்கொடுக்கும் நாக்கு பாஷாணத்தைக் காட்டிக்கொடுக்காது. வங்காளதேசத்தில் 1970ஆம் ஆண்டுகள் முதலாகக் குளத்து நீருக்கு மாற்றாக இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. தெளிந்த அந்நீரிலே நிலத்தடிப் பாறைமண்ணின் ஆசனிக்குக் கலந்திருந்தது பின்னரே தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் மாத்திரமே. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. பல ஆண்டுகள் பருகியோர்க்குத் தோலில் கரும்புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பும், சிலர்க்குப் புற்றுநோயும் கண்டன.

வீட்டிலும் இந்நஞ்சு நுழையும் வாயில்கள் சில உள. சித்த நூல்கள் பாஷாணங்களை 64 என வகுக்கும். தாளகமும் மனோசிலையும் ஆசனிக்குச் சேர்வைகளே. ஆகையால் பெயரும் செய்முறையும் தெரியாத செந்தூரங்களை, தகுதிபெற்ற வைத்தியரிடமன்றி எவரிடமும் வாங்கி உண்ணல் ஆகாது. கறையான் அரிக்காதிருக்கச் செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் ஏற்றப்பட்ட பச்சைநிறக் கம்பங்களை விறகாக அடுப்பில் வைத்தலும் ஆகாது. அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சு. வேலணை முதலிய ஊர்த் தோட்டங்களுக்கு வாங்கும் பூச்சிமருந்து எதுவாயினும், அதனைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பிள்ளைக்குக் குழி தோண்டுவதற்கு ஒப்பாகும்.

இத்தனைக்கும் பின் விபத்து நேர்ந்துவிட்டால்? ஆசனிக்கை விழுங்கியவர்க்குத் தொண்டை எரிவும் வயிற்றுவலியும் கடும் வாந்தியும், கஞ்சித் தண்ணீர் போன்ற பேதியும் காணும். வாந்திபேதி என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுப்பிக்க முயலவேண்டாம்; அதனால் வேறு கேடு விளையும். கரித்தூள் இந்நஞ்சை நன்கு பற்றாது. வாயைக் கொப்பளிக்கச் செய்க. மயங்கியவர்க்கு வாய்வழியாக எதுவும் கொடாது, வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதவாறு இடப்புறமாகச் சரித்துக் கிடத்துக. தோலிற் பட்டால் உடையைக் களைந்து சவர்க்காரமிட்டு நிறைந்த நீரால் கழுவுக. கண்ணிற் பட்டால் ஓடும் நீரால் 15 நிமிடமேனும் கழுவுக. பொடியையோ புகையையோ சுவாசித்தவரைத் தூய காற்றுக்குக் கொண்டுவருக. உதவி செய்வோர் தம் கையைக் காத்துக்கொள்க. நஞ்சிருந்த போத்தலையும் உடன் கொண்டுசெல்க. வைத்தியருக்கு அதுவே முதற் சாட்சி.

மாற்று மருந்து உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆசனிக்கு அடங்கிய போர் நஞ்சொன்றை முறிக்க ஒக்ஸ்போர்டில் கண்டறியப்பட்ட டைமெர்க்கப்ரோல் அவற்றுள் ஒன்று. அது ஊசியாக ஏற்றப்படுவது. வீட்டில் வைத்துக் கொடுக்கத்தக்கதன்று. ஆகவே காலமே உயிர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம் சேரலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியும் பெறலாம். நெடுந்தீவினர்க்கோ குறிகட்டுவான் வரையே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். அவர்களும் நயினாதீவினரும் படகுக்குக் காத்திராமல் முதலில் உள்ளூர் வைத்தியசாலைக்கு ஓடுதல் வேண்டும். மேலே அனுப்பும் ஒழுங்கை அங்குள்ளோர் செய்வர். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தின் ஆலோசனையையும் அவர்கள் பெறக்கூடும்.

தாய்மாரே, மாணாக்கர்காள்! வீட்டிலுள்ள மருந்து, பொடி, திராவகம் அனைத்தையும் இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயரழிந்தவற்றுக்கு எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள். சமையற் பொருட்களிலிருந்து பிரித்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். கடல் நடுவே வாழும் எமக்கு வைத்தியசாலை தொலைவாக இருக்கலாம். பூட்டும் எழுதுகோலும் கைக்கெட்டும் தூரத்திலேதான் உள்ளன.