தீட்டினாலும் போகாத காரை

பல்லைக் கிளீன் பண்ணினால் பல் ஆடத் தொடங்கும் என்று பயப்படுகிறவர்கள் எங்கள் அச்சுவேலியிலும் இருக்கிறார்கள். ஆனால் கிளீன் பண்ணாமலே விட்டால் என்ன நடக்கும்? 1970இல் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கிய ஆய்வாளர்கள் 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பல் வைத்தியமே கிடைக்காத அந்த மனிதர்களில் ஏறக்குறைய 8 வீதத்தினருக்கு முரசு நோய் வேகமாக முற்றியது, 81 வீதத்தினருக்கு மிதமாக. மிச்சம் 11 வீதத்தினர் காரை படிந்தும் தப்பினார்கள். உடல்வாகும் ஒரு காரணம்தான். ஆனால் நாங்கள் அந்தப் 11க்குள் அடங்குவோமா என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

கிளீன் பண்ணியபின் ஆடும் பல், எலும்பு முன்னமே கரைந்ததால் ஆடுகிறது. அதைக் காரை மறைத்திருந்தது. இறுகிய காரையைப் பிரஷ் அகற்றாது. முரசு ஆரோக்கியமாக உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை கிளீன் பண்ணுவது கட்டாயம் என்பதற்கு வலுவான சான்று இல்லை, உண்மை. ஆனால் தீட்டும்போது இரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள்; அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் கட்டணம் இல்லை.