அல்பாகாவும் சீம்பாலும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இதை எழுதாம தள்ளிப்போட்டதுக்குக் காரணம் ஆணி இல்ல. எழுத மனசு வரல, அவ்ளோதான்.

அல்பாகான்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: லாமாவுக்கு நெருங்கின சொந்தம், ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம். திமில் கிடையாது. உடம்பு பூரா பஞ்சுமிட்டாய் மாதிரி ரோமம். பூர்வீகம் பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலை. 1980கள்ல அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தாங்க. நான் குப்பை கொட்டுற ஒஹையோ மாநிலத்துல இதை வளர்க்கறவங்க நிறைய பேர். எங்க டீம்ல டேட்டாபேஸ் பாத்துக்கற பெரியவரும் அவர் வீட்டம்மாவும் அப்படித்தான், மொத்தம் இருபத்தி ஆறு உருப்படி. சனிக்கிழமையானா நான் அங்கதான் சாணி அள்ளிட்டு இருப்பேன். (எல்லாம் ஒரே இடத்துல போய்ப் போடும், அந்த விஷயத்துல ரொம்ப டீசன்ட்டு.)

2023 ஏப்ரல், மே மாசத்துல அங்க மூணு குட்டி போச்சு. எண்ணிக்கையா பாத்தா சின்னதுதான். ஆனா இது ஆடு மாதிரி ரெண்டு மூணு போடாது. பதினொன்றரை மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி. அது போச்சுன்னா அந்த வருஷமே போச்சு.

முதல் குட்டியோட தாய் ஒரு பழுப்பு நிற அல்பாகா, வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. திடீர்னு பின்னங்கால் ரெண்டும் தள்ளாட ஆரம்பிச்சுது. இந்தப் பக்கத்து வெள்ளைவால் மான்கள்கிட்ட ஒரு புழு இருக்கு. மானை ஒண்ணும் பண்ணாது. மான் புழுக்கையில வெளிய வந்து, நத்தைக்குள்ள போய், அந்த நத்தையைப் புல்லோட சேத்து அல்பாகா தின்னா தண்டுவடத்துக்குள்ள புகுந்து வழி தெரியாம சுத்தும். தடுக்கணும்னா மாசாமாசம் ஐவர்மெக்டின் ஊசி போடணும். வித்தவங்க போடல. மருந்து குடுத்துத் தாயைக் காப்பாத்தியாச்சு, ஆனா குட்டி குறைமாசத்துல வந்துடுச்சு. நாலு கிலோகூட இல்ல, காது துணி மாதிரி தொங்குது, பல்லு வெளிய வரல. ரெண்டாம் நாள் போயிடுச்சு.

ரெண்டாவது நல்ல ஏழு கிலோ குட்டி. வழக்கமா இதுங்க காலையில இருந்து மதியத்துக்குள்ள ஈன்றுடும். மலைக்குளிர்ல ராத்திரிக்குள்ள குட்டி காஞ்சாகணுமே, அந்த ஏற்பாடு. இது மழை பெய்யற சாயங்காலம் பொறந்துச்சு. தலைச்சன் தாய், மடியில பாலே இல்ல. மூணாம் நாள் ரத்தத்துல கிருமி ஏறி முடிஞ்சு போச்சு.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். அல்பாகான்னா என்னன்னே தெரியாது அவங்களுக்கு. "சீம்பால் குடிச்சுதாடா?"ன்னாங்க. டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியும் அதான். மனுஷக் குழந்தைக்கு வயித்துலயே தாயோட நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் வந்துடும். அல்பாகாவுக்கு நஞ்சுக்கொடி வழியா எதுவும் வராது, பொறக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் ஒரு நாளைக்குள்ள குடிக்கற சீம்பால்தான் எல்லாம். அதுக்கப்புறம் குடல் அதை உறிஞ்சாது. நாம வெல்லம், ஏலக்காய் போட்டுத் தின்ன சீம்பால் ஞாபகம் வந்துச்சு. கன்னு குடிச்சது போக மிச்சம்தான் நமக்குன்னு அம்மா கண்டிப்பா இருந்தது ஏன்னு இப்ப புரியுது.

மூணாவது செத்தே பொறந்துச்சு. அங்கதான் எல்லாரும் நிஜமாவே பயந்தோம். வரிசையா குட்டிங்க போனா பிவிடின்னு ஒரு மாட்டு வைரஸ் மேல சந்தேகம் வரும். கர்ப்பத்துல சீக்கிரமே அது தாக்கினா, எதிர்ப்புச் சக்தி முழுசா உருவாகறதுக்கு முன்னாடியே உள்ள போன வைரஸைக் குட்டியோட உடம்பு தன் ஆளுன்னே நினைச்சுக்கும். நம்ம பாஷையில சொன்னா வொயிட்லிஸ்ட் ஆயிடும். அந்தக் குட்டி பொழைச்சா வாழ்நாள் முழுக்க மந்தைக்கே வைரஸைப் பரப்பும். ஒண்ணே ஒண்ணு அப்படி இருந்தாலும் அதை ஒழிச்சாகணும். எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு, கேட்டைப் பூட்டி, மருந்துத் தண்ணியில பூட்ஸை முக்கி முக்கி நடந்தோம். பெரியவர் ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசல.

கடைசியில ஒண்ணுத்துக்கும் பிவிடி இல்ல. செத்துப் பொறந்த குட்டிக்குக் காரணமே தெரியலன்னு ரிப்போர்ட் வந்துச்சு. ரூட் காஸ் இல்லாம டிக்கெட்டை குளோஸ் பண்றது எனக்குப் பழக்கம்தான். இதை ஏத்துக்க முடியல.

செத்த குட்டியை அந்தம்மா உடனே எடுக்க விடமாட்டாங்க. தாய் பக்கத்துல நின்னு மெல்லிசா ம்ம்ம்னு முனகிட்டே இருக்கும். முகர்ந்து பாக்கும், கொஞ்சம் தள்ளிப் போகும், திரும்ப வரும். அதுவா விட்டுட்டுப் போற வரைக்கும் காத்திருப்பாங்க. மூணாவது தடவை அந்தம்மா சொன்னாங்க, "எல்லாத்தையும் வித்துடலாம்." பெரியவர் பதில் சொல்லல.

ஆனா பெருவுல நாலாயிரம் மீட்டர் உயரத்துல இதையே நம்பிப் பொழைக்கற குடும்பங்களுக்கு விக்கறதுங்கற வழியெல்லாம் கிடையாது. அங்க மழைக்காலத்துல குட்டி போடும். கிளாஸ்ட்ரிடியம் கிருமி குடல்ல விஷம் கக்கி, நேத்து துள்ளின குட்டி இன்னிக்கு இருக்காது. இங்க மாதிரி கூப்பிட்ட உடனே டாக்டரும் வரமாட்டார்.

நாலாவது குட்டிக்கு விட்டுக்குடுக்கல. தாய்க்குப் பால் கம்மி. ஃப்ரீசர்ல வாங்கி வெச்சிருந்த ஆட்டுச் சீம்பாலை வெதுவெதுப்பாக்கி ரெண்டு மணிக்கொரு தடவை புட்டியில குடுத்தோம், ராத்திரி ஷிஃப்ட் எனக்கு. ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி போதலன்னு வந்ததும் டாக்டர் வேறொரு அல்பாகாவோட பிளாஸ்மாவை ஏத்தினார். இதுங்க நோயை வெளிய காட்டாது, எடை குறையறதுதான் முதல் அறிகுறி. அதனால ஒரு எக்செல் போட்டுக் குடுத்தேன். தினம் கால் கிலோ பக்கம் ஏறணும், ஏறலன்னா சிவப்பு. ஆறு நாள் சிவப்பு. ஏழாம் நாள் பச்சை.

அல்பாகாவை ஈன்ற ரெண்டு மூணு வாரத்துலயே திரும்ப சினைக்கு விடறது வழக்கம். அந்த வருஷம் நாலை மட்டும் விட்டாங்க, பழுப்புக்கு ஓய்வு. எதையும் விக்கல. மான் வராம வேலியை ஒசத்தியாச்சு. நத்தை பொறுக்க பத்து கினிக்கோழி வாங்கி விட்டிருக்காங்க. அதுங்க போடற சத்தத்துல சனிக்கிழமை எனக்குக் காது வலிதான்.