நாலு அங்குலம் மிச்சம்

கூடுவாஞ்சேரியில் புது அடுக்ககம் ஒன்றில் சாவி கைமாறும்போதெல்லாம், நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு தச்சர் வீட்டில் கால் வைக்கும் இடம் குறைகிறது. சமையலறை அலமாரி, துணி அலமாரி, கட்டில், பூஜை மாடம் எல்லாம் அந்தப் புது வீட்டுக்குப் போய்விடுகின்றன. வெட்டி மிஞ்சியது மட்டும் தச்சரிடம் தங்குகிறது. நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் அப்படிப்பட்ட வீட்டுப் பட்டறைக்கு, நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போய் வந்தேன்.

வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகை. பத்தடி அகலம்தான். நடுவில் வேலை மேசை, ஒரு பக்கம் ரம்ப மெஷின். சுவர் ஓரமாக ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. முன்னால் நின்றதை எடுக்காமல் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கவே முடியாது. மேசைக்கடியில் ரீப்பர் துண்டுகள், பழைய கீல்கள், பசை வாளி, உடைந்த இழைப்புளியின் கட்டை. ஒரு மூலையில் முட்டி உயரத்துக்கு இழைப்புச் சுருள். அதற்குள் எங்கோ ஒரு முக்கால் அங்குல உளி கிடப்பதாக உதவிக்கு இருக்கும் பையன் சொன்னான்.

“இன்னிக்கு வெளிய போட்டா, நாளைக்கு அதே அளவுதான் சார் தேவைப்படும்” என்றார் தச்சர்.

“இவருக்கு அந்த நாளை வந்ததே இல்லைங்க” என்று வாசலிலிருந்து அந்த வீட்டு அக்கா குரல் கொடுத்தார். அவருடைய துணி காயப்போடும் இடம்தான் இந்தக் கொட்டகை ஆகியிருக்கிறது.

தச்சருடைய அப்பாவும் ஆசாரிதான். அவர் காலத்தில் வேலை வீட்டுக்காரர் இடத்தில் நடந்தது. மரத்தை வீட்டுக்காரர் வாங்கிப் போடுவார், ஆசாரி பையில் உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு போவார். வாசக்காலும் கதவும் ஜன்னலும் அங்கேயே உருவாகும். சீவல் அந்த வீட்டு வெந்நீர் அடுப்புக்கு, துண்டுக்கட்டை விறகுக்கு. மாலையில் ஆசாரி கைப்பையோடு வீடு திரும்புவார், அவர் வீட்டில் மரக்குப்பை என்று ஒன்று சேர்ந்ததே கிடையாது. இன்றைக்கு அடுக்ககத்தில் மெஷின் சத்தம் கூடாது, தூசி கூடாது, லிஃப்டில் பலகை ஏற்றக் கூடாது. ஆகவே வெட்டுவதெல்லாம் தச்சர் வீட்டில், பொருத்துவது மட்டும் அங்கே. வேலை இடம் மாறியபோது கழிவும் கூடவே இடம் மாறிவிட்டது. கூலிப் பேச்சில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை.

எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். மேசைமேல் ஒரு பலகையைப் போட்டுக் காட்டினார். ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி. சமையலறைக் கீழ் அலமாரிக்கு ஆழம் 22 அங்குலம் வைக்கிறார். 48 அங்குல அகலத்தில் 22 இரண்டு போனால் மிச்சம் 4 அங்குலம். ரம்பப் பல் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். இரண்டு வெட்டுக்கு ஏறக்குறைய 2 நூல். ஆக, கையில் நிற்பது நாலு அங்குலத்துக்கு 2 நூல் குறைந்த, எட்டடி நீளப் பட்டை. ஒரு சமையலறைக்கு இப்படி ஏழெட்டுப் பட்டை சேரும். அலமாரியின் கால்பக்கம் அடைக்கும் பட்டைக்கு அந்த அகலம் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அதற்கு இரண்டு மூன்று போதும். மீதிதான் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. எட்டடி நீளத்தை யாருக்கு வெளியே போட மனம் வரும்?

உண்மையான மரத்தின் கதை வேறு. தேக்குத் துண்டு அரையடி இருந்தாலும் அவர் விடுவதில்லை. விடவும் கூடாது. பர்மா அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு. பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கிய ஒரு கதவுச் சட்டத்தை என் கையில் கொடுத்தார். ஆணி உருவிய துளைகளைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. ஒரு முனையை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை, அந்த எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் வெளிறிய வெள்ளைப் பகுதி. உளுப்பது அதுதான். “வெள்ளையைச் சீவிட்டா மீதி என் பேரனுக்கும் இருக்கும்” என்றார்.

இந்தத் துண்டுகளுக்குப் போகுமிடம் உண்டு. மனைப்பலகை, சப்பாத்திக் கட்டை, கதவுக்கு ஆப்பு, சாமி பீடம். நவராத்திரி நெருங்கினால் மரப்பாச்சிக்குச் சின்னப் படி கேட்டு வருவார்கள். மாமல்லபுரத்திலிருந்து மரச்சிற்பம் செய்பவர் ஒருவரும் வந்து பொறுக்கி எடுத்துப்போவாராம். அங்கே 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் கல், உலோகம், சுதையோடு மரத்திலும் சிற்பம் கற்றுத்தருகிறார்கள் என்பதால் அந்தக் கரையில் மரத்துக்குக் கை உண்டு. அங்குள்ள ரதங்களும்கூடத் தச்சு வேலையைப் பார்த்துச் செய்தவையே. கூரை வளைவு, உத்தர முனை, கீற்றுக் குடிசையின் சரிவு எல்லாம் ஏழாம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிய மரக் கட்டடங்கள். அசல் மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தத் தச்சர்களின் கையைக் கல் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம்.

பட்டறையை ஒழுங்கு செய்ய அவருக்கு வருடத்தில் ஒரு கெடு உண்டு. ஆயுத பூஜை. எல்லா உளியும் சாணை பிடித்து, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கவேண்டுமானால் முதலில் எல்லாம் கண்ணில் பட வேண்டும். போன வருடத்திலிருந்து அந்த நாளைத் துண்டுக்கட்டைக்கும் கெடுவாக வைத்துவிட்டார். ஒரு துண்டு மிஞ்சியதும், ரம்பம் நிற்கும் முன்பே, வெட்டுமுனையில் பென்சிலால் மரத்தின் பேர், எத்தனை நூல் கனம், எந்த மாதம் என்று எழுதவேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்குள் கை படாவிட்டால் வெளியே. ஒரு முழத்துக்குக் குறைந்த ஒட்டுப்பலகைக்கு எழுத்தே கிடையாது, அன்றைக்கே வெளியே. துண்டை வைத்திருப்பதில் தப்பில்லை, முடிவைத் தள்ளிப்போட்டு வைத்திருப்பதில்தான் இடம் போகிறது என்று அந்தக் கொட்டகையில் எனக்குப் பட்டது.

நான் போன நாட்களில் அந்த வேலைதான் நடந்தது. சுவரில் எல் ஆங்கிள் அடித்து, இரண்டடிக்கு ஒரு தாங்கி வைத்தார்கள். இடைவெளி கூடினால் நீளக் கட்டை நடுவில் தொய்யும். வெட்டுமுனைகள் எல்லாம் வெளியே பார்த்தபடி இருக்க, எழுத்தைப் படித்தே தேவையானதை உருவலாம். மெல்லிய பீடிங் குச்சிகளுக்கு, வீட்டில் மிஞ்சிய நாலு அங்குல பி.வி.சி. குழாயைத் துண்டு போட்டுப் படுக்கவைத்தார்கள். கடைசித் தாங்கிக்கும் தரைக்கும் நடுவே இரண்டடி வெறுமையாக விட்டார். நந்திவரம் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. மழை விட்டால் கறையான். தரையில் படுத்த பலகை இரண்டில் ஒன்றுக்குத்தான் போகும்.

பச்சைக் கட்டைக்குத் தனி இடம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சாய்த்த ஒரு பூவரசிலிருந்து அறுத்த பலகைகளில் இரண்டு இன்னும் மேலே இருந்தன. வெட்டுமுனையில் மிஞ்சின பெயிண்ட் அடித்திருந்தார். முனை வழியாக ஈரம் வேகமாக இறங்கினால் கட்டை வெடிக்கும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காயவிடு என்பது அவர்கள் கணக்கு.

மறைமலைநகர், ஒரகடம் ஆலைகளுக்குச் சரக்கு வந்த பைன் மரச் சட்டங்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் சின்னச்சின்ன மரவேலை செய்கிறவர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். வாங்குமுன் அதில் சூடுபோட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்தின் பக்கத்தில் ‘எச்.டி.’ என்றிருந்தால் பூச்சி போகச் சூடேற்றிய மரம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது. அதைப் பட்டறைக்குள் விடாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள்.

அடுப்பு என்றதும் அவர் மரத்தூள் அடுப்பைப் பற்றிச் சொன்னார். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலைத் திருகி உருவினால் நடுவில் துளை நிற்கும். அடியில் பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தீ வைத்தால் ஒரு வேளைச் சமையலே முடியும். டீக்கடைக்காரர்கள் மூட்டையோடு வந்து தூளை வாங்கிப்போன காலம் அது. இப்போதைய தூள் அதற்கு ஆகாது. அதில் பாதி ஒட்டுப்பலகைத் தூள். யூரியா பார்மால்டிஹைடு, பீனால் பார்மால்டிஹைடு பிசின்களால் அடுக்கு ஒட்டிய பலகை எரிந்தால் வரும் புகை சமையலறைக்குள் வரக்கூடாத புகை. மைக்கா ஒட்டிய துண்டு இன்னும் மோசம். இருந்தும் காலி மனைகளில் ராத்திரியில் அது எரிகிறது. காயலான் கடைக்காரர் ஆணியையும் கீலையும் எடுப்பார், பலகையைத் தொடமாட்டார்.

தூள் மூச்சிலும் போகிறது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்குக் குழியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. மூக்கில் கட்டிய துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது. பையனுக்கு முகமூடி வாங்கிக்கொடுத்திருக்கிறார், தான் போடுவதில்லை. “அண்ணே, உங்களுக்கும் மூக்குதானே இருக்கு?” என்றேன். மாட்டிக்கொண்டார். தினமும் மாட்டவேண்டும் என்பதே என் ஆசை.

பெருக்கி முடித்தபோது சுவரோரம் ஒதுங்கிய ஒட்டுப்பலகை ஒரு குட்டி யானை வண்டி நிறைய இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இரண்டும் அவர் கைக்காசு. வீட்டில் அலமாரி செய்துகொள்ளும் நம்மில் எவரும் அந்தப் பணத்தைக் கொடுத்ததில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, பலகைக் கழிவு யாருடையது என்று கேட்டதும் இல்லை. இந்தத் தீபாவளி வேலைகளுக்கு அவர் எழுதும் எஸ்டிமேட்டில் கடைசி வரியாகக் ‘கழிவு அகற்றும் செலவு’ என்று சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். ஊரப்பாக்கத்தில் ஓர் அம்மா மட்டும், “இதை ஏன் இவ்வளவு நாளா கேக்கலை?” என்று கேட்டுவிட்டு முன்பணத்தோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்.