ஒரு நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள்

முதல் நாள்

கஞ்சாச் செடியில் டி.எச்.சி.யோடு சேர்ந்தே விளைந்தாலும் அதைப்போல் போதை தராத சேர்மம் கன்னாபிடியால். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் நலமுள்ள 9 ஆண்கள் அதை 600 மில்லிகிராம் அளவில் ஒரே வேளையாக உட்கொண்டனர். பனிக்கட்டி நீரில் பாதத்தை அமிழ்த்தினால் எவருக்கும் இரத்த அழுத்தம் ஏறும். அந்தச் சோதனையின்போதும், அதற்குமுன் ஓய்வாக இருந்தபோதும், இதயம் சுருங்குகையில் தமனியில் எழும் மேல் அழுத்தம், போலி மருந்து உட்கொண்ட நாளைவிட அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. இத்தகைய ஒருவேளை அளவீட்டைக் கொண்டு அன்றாடப் பயன்பாட்டுக்குத் தீர்ப்பெழுதுவதே இத்துறையில் மலிந்த குறை.

ஏழாம் நாள்

அதே பல்கலைக்கழகம் பின்னர் 26 ஆண்களைக் கொண்டு, சிலருக்குக் கன்னாபிடியாலும் சிலருக்குப் போலி மருந்துமாக ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தபோது, ஓய்வுநிலையில் முதல் நாள் தெரிந்த இறக்கம் மறைந்தது. நெருக்கடிச் சோதனையின்போது மட்டும் மேல் அழுத்தம் ஏறத்தாழ 6 மி.மீ. பாதரசம் குறைவாகவே நீடித்தது. உடல் ஒரு விளைவுக்குப் பழகிக்கொண்டு மற்றொன்றுக்குப் பழகாதிருப்பது வியப்புக்குரியதே.

நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிசால் ஹார்மோனின் கதை இன்னும் சிக்கலானது. ட்ரியர் சோதனை என்பது, முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள்முன் பேசிவிட்டு, அதன் மூல வடிவத்தின்படி 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகவேண்டிய சோதனை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், உளப்பிறழ்வு நோய் வரும் அபாயம் மிகுந்தோர் இச்சோதனைக்கு உட்பட்டபோது, போலி மருந்து பெற்றவர்களுக்குக் கார்ட்டிசால் நலமுள்ளோரைப்போல் எழும்பவில்லை; ஒரு வாரம் கன்னாபிடியால் பெற்றவர்களோ இரு சாராருக்கும் இடைப்பட்டு நின்றனர். ஆகவே ஹார்மோன் குறைந்தால் நலம், கூடினால் கேடு என்ற எளிய வாய்பாடு இங்கே செல்லாது.

இருபத்தெட்டாம் நாள்

பிரேசிலின் ரிபெய்ராவ் பிரேட்டோ நகரில், 2020-இல், கொரோனா நோயாளிகளைக் கவனித்த மருத்துவப் பணியாளர் 120 பேரைக் கொண்ட ஆய்வில், வழக்கமான ஆதரவோடு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கன்னாபிடியாலை இருபத்தெட்டு நாள் பெற்றோரின் உளச்சோர்வு, ஆதரவு மட்டும் பெற்றோரைவிடக் குறைந்தது. ஆனால் போலி மருந்து இல்லாததால், தாம் எதைப் பெறுகிறோம் என்பது பங்கேற்றோருக்குத் தெரிந்தே இருந்தது. மருந்து பெற்றோரில் நால்வருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன, ஒருவருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை ஏற்பட்டது.

கடைகளில் விற்கும் கன்னாபிடியால் எண்ணெயில் ஒரு வேளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில பத்து மில்லிகிராம்களே. மேற்கண்ட பலன்களை அந்தப் புட்டிகளின்மேல் ஏற்றிச் சொல்ல இவ்வாய்வுகள் இடம் தரவில்லை.